உளுந்தைச் சுற்றி வைத்த கல்

ஏப்ரல் 6, திங்கள்

காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். நாளை கடலூர் கோர்ட், லீவ் லெட்டர் கொடுத்தாயிற்று. ஹெச்.எம்., "இன்னும் முடியலையா டீச்சர்?" முடிந்தது என் புருஷன் மட்டும்தான் சார் என்று வாய்வரை வந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

வாங்க வேண்டியது: மகளுக்கு வெள்ளை சாக்ஸ், காஸ் லைட்டர், தலைவலி மாத்திரை.

சாயங்காலம் பக்கத்துத் தெரு கலியபெருமாள் மாமாவின் மனைவி வந்தார். கையில் முருங்கைக்காய்.

"வேணும்னா பண்ணாரு மலரு? சேகரு மேல அவருக்கு என்னா பகை? கோர்ட்டுல ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடும்மா."

பகை இல்லைதான். போன வருடம் அறுவடையில் உளுந்துச் செடியைத் தார் ரோட்டில் பரப்பினார். ஊரே செய்வதுதான். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்தால் உளுந்து உதிரும், ஆள் தேட வேண்டாம். சாயங்காலம் குவித்து, தார்ப்பாய் மூடி, சுற்றிலும் கருங்கல் வைத்தார். மறுநாள் ராத்திரி சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துப் பைக்கில் வந்த என் புருஷன் சேகர் அந்தக் கல்லில் மோதினார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

முருங்கைக்காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

கோர்ட் வராந்தா. புழுக்கம். ஜட்ஜ் லீவு. வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப் போட்டாச்சு. அதற்கு ஒரு பஸ் பயணம், ஒரு நாள் லீவு.

இரண்டு போலீஸுக்கு நடுவே பெண்ணாடம் பக்கத்து ஆள் ஒருவன். வரப்புத் தகராறில் பங்காளி மேல் அரிவாளை வீசினானாம். பட்டது கதவில். பங்காளிக்குக் கீறல்கூட இல்லை. கொலை முயற்சி கேஸ், மாசக்கணக்காக ஜெயில். கலியபெருமாள் மாமா ஜாமீனில், வெள்ளைச் சட்டையில், எதிர் டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தார்.

"சாப்ட்டியாம்மா?"

செத்தது கதவாக இருந்தால் நானும் சாப்பிட்டிருப்பேன்.

அரசு வக்கீல் நல்ல மாதிரி. "கொல்லணும்னு நெனச்சாரான்னு கேக்க மாட்டேம்மா. ஆபத்துன்னு தெரிஞ்சும் வெச்சாரான்னுதான் கேப்பேன். உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். விபத்துக்கு முந்தின நாள் அதே இடத்தில் சேகர் வண்டியை நிறுத்தினார். பின்னால் நான். "மாமா, கல்ல எடுத்துடுங்க. இருட்டுல தெரியாது." அவர் சொன்னது: "காலைல எடுத்துடுறேன் மாப்ள." எடுக்கவில்லை. அதைக் கேட்டது நான் ஒருத்திதான். அதனால்தான் முருங்கைக்காய்.

வீட்டில் மாமியார் வாசலிலேயே நின்றார். "அவன உள்ள தள்ளாம விடக் கூடாது மலரு." இந்த ஊரில் என் பக்கம் பேசுவது அத்தை மட்டும்.

ஏப்ரல் 8, புதன்

சிதம்பரம். ஸ்கூல். வெயில் ஜாஸ்தி. மாத்திரை வாங்க மறந்தாச்சு.

ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்கு ஜட்ஜ். "ஆக்ஸிடெண்ட்தானே, பாவம் வயசானவரு." பாவம் பார்க்க எல்லாருக்கும் ஆள் கிடைக்கிறது, எனக்குத்தான் கிடைக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி பக்கத்துப் பெண்ணின் நோட்டில் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். "வேணும்னு பண்ணல மிஸ்." சரி, ஆனால் நோட்டு நனைந்துவிட்டதே. துடைக்க வைத்தேன். அழுதாள். அடிக்கவில்லை. இதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று எங்கள் வயலில் உளுந்து அறுவடை. மறந்தே போயிருந்தேன்.

சாயங்காலம் பஸ் ஊருக்குள் நுழைந்ததும் பிரேக். டிரைவர் கெட்ட வார்த்தை சொன்னார். பாதி ரோட்டை அடைத்து ஒரு குவியல், நீலத் தார்ப்பாய், சுற்றிலும் கருங்கல். குனிந்து கடைசிக் கல்லை வைத்துக்கொண்டிருந்தது அத்தை.

"என்ன அத்தை இது?"

"களம் எங்க இருக்கு? காலைல எடுத்துடுறேன்."

"எவனாவது வந்து மோதினா?"

"ஏன்டி, வேணும்னா வெக்கிறேன்?"

செத்தது அவர் பெற்ற பிள்ளை! ஹேண்ட்பேக்கைக் கீழே போட்டுவிட்டு ஒவ்வொரு கல்லாகத் தூக்கி வாய்க்காலில் எறிந்தேன். தார்ப்பாய் பறக்கும், உளுந்து போகும் என்று கத்தினார். போகட்டும்.

நகம் பெயர்ந்து ரத்தம். நாளை கோர்ட்டில் கேட்டதைக் கேட்டபடி சொல்லத்தான் போகிறேன்.

ராத்திரி சோறு போடும்போது அத்தை சமாதானமாகிவிட்டார். நாளைக்கு அவரும் வருகிறாராம். என் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்:

"அவனுக்கு எத்தினி வருசம் போடுவாங்க மலரு?"