வடக்கு அறைக்கு வந்த கொத்தனார்

சிவமயம்

தாழக்குடி
கொல்லம் 1129 பங்குனி 20

செல்வமகள் தாணம்மாளுக்கு அம்மா ஆசி கூறி எழுதுவது. தாணுமாலயன் அருளால் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. ஜாம்ஷெட்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று உன் கையெழுத்தில் படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. வாந்தி நின்றுவிட்டதாமே, நல்லது, இனி நேரத்துக்குச் சாப்பிடு. பேறுகாலத்துக்கு நீ வருமுன் வடக்கு அறை வேலை முடியுமா என்று கேட்டிருந்தாய். முடிந்தே விட்டது, ஆனால் முடிந்த விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஐப்பசி மழையில் அந்த அறைச் சுவர் வெடித்தது உனக்குத் தெரியும். நீ வருகிறாய் என்றதும் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. வெடிப்பைப் பூசி, மேலே ஒரு மச்சும் கட்டிவிட்டால் உனக்கும் பிள்ளைக்கும் காற்றோட்டமாக இருக்கும் என்று தாமே தீர்மானித்து, உன் பகவதியப்பன் சித்தப்பாவிடம் வேலையை ஒப்படைப்பதாக வாக்கும் கொடுத்துவிட்டார். சித்தப்பா நல்ல மனுஷன்தான், வாய் மட்டும் இரண்டு அடி முன்னால் போகும். இருபதே நாளில் முடித்துவிடுகிறேன் என்றார். இதுவரை நீங்கள் கட்டிய வீடு எது என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "மைனி, பூதப்பாண்டியில ஒரு மாட்டுத்தொழுவம் கெட்டிருக்கேன், இண்ணைக்கும் அசையாது" என்றார். அந்த மச்சுக்குக் கீழே படுக்கப் போவது என் மகள் அல்லவா.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து கிளாரா டீச்சரிடம் புலம்பினேன். அவள் பிறந்த வீடு முட்டத்தில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. அதைக் கட்டியவர் பக்கத்துக் கடலோர ஊரான கடியப்பட்டணத்து ரசலையன் கொத்தனார் என்றாள். சொல்லைக் கேட்டு என்ன, கண்ணால் பார்ப்போம் என்று ஒரு சனிக்கிழமை அவளோடு பஸ் ஏறிவிட்டேன். நாகர்கோவிலில் பஸ் மாறி முட்டம் போய்ச் சேர்ந்தோம். அந்தக் காற்றிலும் ஓட்டு வரிசை நூல் பிடித்ததுபோல் நிற்கிறது. கிளாராவின் அம்மா சொன்னாள், முதல் மழை பெய்த மறுநாள் அந்த மனிதர் கூப்பிடாமலே வந்து, ஏணி கேட்டு ஏறிப் பார்த்தாராம். அதைக் கேட்டதும் என் மனது தீர்மானமாகிவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். "சொந்தக்காரன விட்டுட்டு எவனோ கடப்புறத்துக்காரன எனக்க வீட்டுல ஏத்தச் சொல்லுகியா" என்று கத்திவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, குழம்பில் உப்பில்லாததைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டார். மூன்றாம் நாள், வந்து பார்த்துவிட்டு மட்டும் போகட்டும் என்று இறங்கி வந்தார். ரசலையன் கொத்தனார் வந்தார், அதிகம் பேசவில்லை. சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், பிறகு மூலையில் ஓரிடத்தில் மண்ணைத் தோண்டினார். ஒன்றரை அடியில் அஸ்திவாரம் முடிந்துவிட்டது. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "அண்ணாச்சி, இந்தச் சுவருக்க மேல மச்சு ஏத்த நான் கை வைக்க மாட்டேன். வேணும்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்கோ" என்றார். அப்பா முகம் சிவந்தது. பக்கத்தில் நின்ற சித்தப்பா சிரித்தார், அந்தக் காலத்துக் கல்லு வேய், நூறு வருஷம் நிக்கும் என்று சொல்லிக்கொண்டே குழிக்குள் கைவிட்டு ஒரு கல்லை அசைத்தார். அது பல் விழுவதுபோல் அவர் கையோடு வந்துவிட்டது.

மகளே, சித்தப்பா அந்தக் கல்லை அப்பா கையில் கொடுத்துவிட்டு, "அண்ணே, இவரு சொல்லது உள்ளதுதான். எனக்கு இது தெரியாது. நான் கெட்டியிருந்தா பிள்ளைக்க தலையில விழுந்திருக்கும்" என்றார். அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷமே போயிற்று. தெரியாததைத் தெரியாது என்று நாலுபேர் முன்னால் சொல்வதற்கு எவ்வளவு பேருக்கு மனம் வரும். கல்லும் சுண்ணாம்பும் கொண்டுவந்து தரும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள் என்று நான்தான் சொன்னேன், ரசலையனும் சந்தோஷமாகத் தலையாட்டினார். என்னென்ன செய்வது, எந்த நாளில் முடிப்பது என்று ஒரு தாளில் எழுதி அப்பாவும் கொத்தனாரும் கையெழுத்துப் போட்டார்கள், அப்பா அதை மூன்று முறை வாசித்தார். மச்சு கிடையாது. பழைய சுவரை அடியோடு எடுத்து, நாலடி ஆழத்தில் கருங்கல் போட்டு, கூரையை உயர்த்தி, கிழக்கே ஒன்றும் வடக்கே ஒன்றுமாக இரண்டு பெரிய ஜன்னல் வைத்தாயிற்று. மலைக்காற்று நேராகப் படுக்கைக்கு வருகிறது. போன செவ்வாய்க்கிழமை நல்ல கோடை மழை பெய்தது, அப்பா அறை நடுவில் அண்ணாந்து நின்று கழுத்து சுளுக்கிக்கொண்டார், ஒரு சொட்டு விழவில்லை.

உங்கள் வீட்டுச் சமையலறையில் புகை அடைகிறதென்று அடுப்பை மாற்றிப் போட ஆள் பார்ப்பதாக எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளையிடம் சொல், ஆள் பேசுவதைக் கேட்டுப் பிடிக்க வேண்டாம், அவன் செய்த அடுப்பு எரிகிற வீட்டுக்குப் போய் அங்கே சமைக்கிறவளிடம் கேட்கட்டும்.

இன்னொன்று. பிள்ளை பிறக்குமுன் தொட்டில் பேச்சு எடுக்கக் கூடாது என்று நான் அப்பாவைக் கண்டித்து வைத்திருந்தேன். அவர் எனக்குத் தெரியாமல் ரசலையனிடம் சொல்லி உத்திரத்தின் நடுவில் ஓர் இரும்பு வளையம் போட்டுவிட்டார். எதற்கு என்று கேட்டால் வாழைக்குலை தொங்கவிட என்கிறார். நேற்று காலை நான் மோர் கொண்டு போனபோது, உன் அப்பா அந்த வளையத்தில் கயிறு கட்டி, இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கிக்கொண்டு தொங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாழைக்குலைக்கு இவ்வளவு பாடா என்று கேட்காமல் மோரை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடிக்குமுன் வந்து சேர். ரயில் ஏறும் நாளை மறக்காமல் எழுது, அப்பா திருநெல்வேலிக்கு வந்து காத்திருப்பார். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் உயிரும் ஒரு குறையுமின்றி வாழ வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
உலகம்மாள்