கிறிஸ்டோபரின் மீன்

அன்புள்ள ஹில்டா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம், பயப்பட ஒன்றுமில்லை.

இங்கே நான் துப்புரவு வேலைக்கு வந்திருக்கும் தேவாலயத்தின் வடக்குச் சுவரில், புனித கிறிஸ்டோபர் ஆற்றைக் கடக்கும் பழைய ஓவியம் இருக்கிறது. அவர் காலடியில் பச்சையாகத் தெரிந்ததைப் பாசி என்று நினைத்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். கரும்பலகை துடைத்துப் பழகிய கை. அது அறுநூறு வயது மீன்.

கோயில் பொறுப்பாளர் வினிஃப்ரெட் வந்து பார்த்தார். "எல்லாம் இந்த வவ்வால் சனியனுங்க வேலை, வாத்தியாரே. மூத்திரம் பேஞ்சே மீனைத் தின்னுடுச்சுங்க."

நானும் தலையாட்டிவிட்டேன். வகுப்பில் இப்படித் தலையாட்டிய பையனைச் சும்மா விட்டிருப்பேனா?

ஞாயிறன்று வவ்வால்களை விரட்ட முடிவெடுக்கிறார்கள். குட்டிகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாது. அதற்குள் சொல்லிவிடுவேன்.

கல்தரை ஜில்லென்றிருக்கிறது, கம்பளிக் காலுறை அனுப்பு. இல்லை, வேண்டாம். சொன்னபின் என்னையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தபால் வண்டி வந்துவிட்டது.

உன் எட்மண்ட்