நெரிசல் நேரத்திலும் செல்லும் பாஸ்

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நலம், நீயும் நலமாகவே இருப்பாய் என்று நம்புகிறோம், எப்போது கேட்டாலும் நல்லாத்தான் இருக்கேன்ப்பா என்று ஒரே வரியைச் சொல்கிறாய், அதை வைத்துக்கொண்டு நம்பித்தான் ஆகவேண்டும். போனில் சொன்னால் பாதியில் வேலை வந்துவிட்டது என்று வைத்துவிடுவாய், அப்புறம் நான் சுவரோடுதான் பேசவேண்டும், அதனால் எழுதுகிறேன். தபால் வந்து சேர நாளானாலும் நாங்கள் வருவதற்குள் வந்துவிடும். படிக்கும்போது அப்பா கோபமாக இருக்கிறாரோ என்று தோன்றினால் சந்தேகமே வேண்டாம், கோபமாகத்தான் இருக்கிறேன்.

பெற்ற பெண் இருக்கும் ஊரில் ஒரு வாரம் இருந்துவிட்டு வர இவ்வளவு பாடா? விசா கூடச் சுலபமாகக் கிடைத்துவிட்டது, இந்த ரயில் பாஸ்தான் உயிரை எடுக்கிறது. ஒரு நாள் பாஸ், மூன்று நாள் பாஸ், ஏழு நாள் பாஸ். அந்த ஏழு நாளிலும் இரண்டு தினுசு, ஒன்று திங்கள் தொடங்கி ஞாயிறோடு முடிந்துவிடும், நாம் புதன்கிழமை வந்து இறங்கினால் அதற்கு என்ன கவலை, இன்னொன்று நாம் எப்போது தொடங்குகிறோமோ அன்றிலிருந்து ஓடும். வயதானவர்களுக்குச் சலுகை உண்டு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான், ஆசையாகக் கீழே போனால் அந்த ஊரிலேயே குடியிருக்கும் வயதானவர்களுக்கு மட்டுமாம், மற்ற ஊர்க் கிழங்களுக்கு முழங்கால் வலிக்காது போலிருக்கிறது. விமான நிலையத்து ரயில் எந்தப் பாஸிலும் சேராது, அது தனி ராஜ்ஜியம். உன் சித்தப்பாவிடம் யோசனை கேட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும், பாஸ் வாங்குறவன் ஏமாளி, டாக்ஸியில போங்கண்ணா என்றான், அவன் வாழ்நாளில் ஒரு டாக்ஸிக்குத் தன் பையிலிருந்து கொடுத்து நான் பார்த்ததில்லை.

கடைசியில் நீ சொன்னதையே வாங்கினேன். ஊரை வட்டம் வட்டமாகப் பிரித்துத்தான் ரயில் கட்டணம், உள் இரண்டு வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், மியூசியம், பூங்கா, படகுத்துறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது, ஓட்டலும் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன், உங்களுக்கு அலைச்சலே இருக்காது என்றாய் அல்லவா, அந்த ஏழு நாள் பாஸ் இரண்டு, ஒரே போனில். இனித்தான் உன் அம்மாவின் திருவிளையாடல். அவள் வேலை உனக்குத் தெரியாததில்லை, ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற கத்தரிக்கோலையும் கிடுக்கியையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிச் சரிபார்த்து, ஆவியில் போட்டு எடுத்துக் கட்டிக் கொடுக்கிறவள். இத்தனை வருஷம் அதையே செய்து செய்து, எதையும் முன்கூட்டி இயக்கிப் பார்க்காமல் அவளால் வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போகமுடியாது. புதுச் செருப்பை ஒரு வாரம் சமையலறையில் போட்டு நடப்பாள், புதுக் குடையைக் கூடத்தில் விரித்து நிற்பாள். நான் ஒரு குடியிருப்பில் லிஃப்டின் கதவு மூட மறுக்கிறது என்று பழுது பார்க்கப் போயிருந்தேன், திரும்பி வந்தால் முகமெல்லாம் பெருமையாக, பாஸ் நல்லா வேலை செய்யுதுங்க, தொடங்குன்னு ஒரு பொத்தான் இருந்துச்சு, அமுக்கிப் பாத்தேன், உடனே பச்சையா வந்துடுச்சு என்கிறாள். ஏன்டி, நாம இன்னும் பெட்டியே கட்டலையே என்றால், வயித்தைத் திறந்த பிறகா கத்தரிக்கோல் வெட்டுதான்னு பாக்குறது என்று என்னையே கேட்கிறாள்.

அந்த ரயில் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு என்று ஒரு இயந்திரம் என்னை வீடெல்லாம் சுற்ற வைத்தது, கடைசியில் ஒரு மனிதர் வந்தார். தொடங்கினால் தொடங்கியதுதான், நிறுத்த வழியில்லை என்றார். ஐயா, நாங்கள் இன்னும் எங்கள் ஊரிலேயேதான் இருக்கிறோம், உங்கள் ரயிலைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கெஞ்சினேன், உங்கள் பயணம் இனிதாக அமையட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க அம்மா எழுந்ததும் போனைத் திறந்து பார்த்து, நம்ம பாஸ் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு என்று அறிவிப்பாள், நான் காப்பியை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போவேன். சிரிக்காதே. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

இரண்டாம் தடவை ஏமாறக்கூடாது என்று, வாங்குவதற்கு முன் எல்லாவற்றையும் நானே ஒழுங்காகப் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். உங்கள் ஊர் ரயில் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தேன், வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கியது போல வட்டத்துக்குள் வட்டம். சுருண்டுகொள்ளாமல் இருக்க அம்மா ஒரு பக்கம் கையை ஊன்றிக்கொண்டு, நம்ம பொண்ணு வீடு எங்கே இருக்கு, காட்டுங்க என்றாள். தேடினேன். முதல் வட்டத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. நீ பார்சல் அனுப்பச் சொல்லித் தந்த முகவரியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரலை ஓட்டினேன், ஐந்தாவது வட்டத்தில், ஒரு பாதை முடிந்துபோகிற இடத்தில், தாளின் ஓரத்தில் இருந்தது உன் ஸ்டேஷன். நீ எங்களை வாங்கச் சொன்ன பாஸ் அந்த ஊரில் எல்லா இடத்துக்கும் போகும், உன் வீட்டுக்கு மட்டும் போகாது. அம்மா காய்ந்த துணியை மடிக்கப் போய்விட்டாள், ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம், நாம அவளைப் பாக்கப் போறோமா, ஊரைப் பாக்கப் போறோமா என்று கேட்டாள். அதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது, பாஸ் பாழானதற்கு இல்லை.

மனசில் என்னென்னவோ ஓடியது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலை போய்விட்டதோ, யாரோடாவது சேர்ந்து இருக்கிறாயோ, எங்களைக் காட்ட வெட்கமோ என்று. யாரோடு இருந்தாலும் சரி, சாப்பிட்டுவிட்டு இரு, சொல்லிவிட்டு இரு, அவ்வளவுதான் நான் கேட்பது. போன ஞாயிறு உன்னிடம் இதைத்தான் வளைத்து வளைத்துக் கேட்டேன், நீயும் எரிந்து விழுந்தாய். ரூம்ல ரெண்டு பேர் உட்கார இடமில்லப்பா, விடியுறதுக்குள்ள கிளம்பி இருட்டினப்புறம் வரேன், போகும்போதும் வரும்போதும் ரயில்லயே கிடக்கேன், நீங்க வந்து பூட்டின கதவைப் பாத்துட்டு உட்காரணுமா, ஞாயித்துக்கிழமை முழுக்க உங்களோடதான் இருப்பேன்ல என்றாய். கடைசியில் உன் குரல் உடைந்தது. நீ இருமி மழுப்பினாய், நானும் கேட்காதது போல இருந்துவிட்டேன். நீ எங்களைத் தள்ளி வைக்கவில்லை, உன் நாளில் எங்களை எங்கே வைப்பது என்று உனக்குத் தெரியவில்லை, அது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. ஆனாலும் கோபம் முழுசாகத் தீரவில்லை. மூன்று வருஷம் கழித்து வருகிறோம், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கா?

அதனால் அம்மாவும் நானும் கலந்து பேசி வேறு பாஸ் வாங்கிவிட்டோம், இனி நீ மாற்றச் சொல்லாதே. ஐந்து வட்டத்துக்கும் செல்லும் ஏழு நாள் பாஸ். அதிலும் காலை நெரிசல் அடங்கிய பிறகு மட்டும் செல்லுகிற மலிவானது ஒன்று இருந்தது, ஊர் பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் வாங்குவார்களாம், சித்தப்பாகூட அதையே எடுக்கச் சொன்னான். நாங்கள் எடுத்தது நெரிசல் நேரத்திலும் செல்லுவது. விடிவதற்கு முன்பே ஓட்டலிலிருந்து, எதிர்த் திசையில் காலியாக வரும் ரயிலில் உன் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவோம், நீ வேலைக்குப் போகிற ரயிலில் உன்னோடு ஏறிக்கொள்வோம். மாலையிலும் அப்படித்தான், உன் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்புவோம். நடுவில் உள்ள நேரத்தில் மியூசியம் திறந்திருந்தால் பார்க்கிறோம், இல்லாவிட்டால் அது எங்கேயும் ஓடிப்போகாது. உன் ரூமுக்குள் நாங்கள் வரவேண்டியதில்லை, பெருக்கித் துடைத்து வைக்கவேண்டியதும் இல்லை. ரயிலில் எங்களோடு பேசவேண்டும் என்றும் இல்லை. தூக்கம் வந்தால் தூங்கு, அம்மாவின் தோள் இருக்கிறது, உட்கார இடம் கிடைக்காவிட்டால் மூன்று பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம், என் முழங்காலைப் பற்றி நீ கவலைப்படாதே, நாளெல்லாம் லிஃப்ட் கிணற்றில் ஏறி இறங்குகிற முழங்கால் அது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, காதில் அந்தப் பாட்டுக் கேட்கிற குமிழை மாட்டிக்கொண்டு தெருவைக் கடக்காதே, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும், அம்மாவும் நானும் அதைத்தவிர வேறெதுவும் கேட்பதில்லை. பதில் நீளமாக எழுத நேரமில்லை என்று தெரியும், ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதி அனுப்பு. நீ பிளாட்பாரத்தில் எந்தப் பக்கம் நிற்பாய், எத்தனையாவது பெட்டியில் ஏறுவாய்? நாங்கள் அங்கே நிற்கிறோம்.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கொஞ்சம் கோபத்தோடு இருக்கும்,
அப்பா