எண்பத்தைந்து சதவீதம் முடிந்தது

செப்டம்பர் 8

சாரம் பகுதித் தெருவில் மழைநீர்க் கால்வாய் வேலை இன்று தொடங்கியது. சைட் இன்ஜினியர் நான். திட்டத்தைப் பின்னாலிருந்து போட்டிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் முடிய வேண்டும் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலையாக இன்றைய தேதிவரை வந்தேன். அட்டவணையை ஷெட் சுவரில் ஒட்டியாயிற்று. ஒவ்வொரு வேலைக்கு நேராகவும் ஒரே ஒரு பெயர். இரண்டு பெயர் போட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

முதல் வேலை தெருவின் பள்ளமான கோடியில். அங்கேதான் எங்கள் கால்வாய் பெரிய வாய்க்காலோடு சேர வேண்டும். அதைத் திறந்துவிட்டுத்தான் மேடு நோக்கி வர வேண்டும்.

கோடி வீட்டில் கண்ணகி அக்கா குடியிருக்கிறார். பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிறவர். கணவர் கலியமூர்த்தி பக்கவாதத்தில் கட்டிலோடு கிடக்கிறார். "போன மழைக்குக் கட்டில் கால் வரைக்கும் தண்ணி பாப்பா," என்று கையால் அளந்து காட்டினார்.

செப்டம்பர் 16

தினமும் காலையில் எல்லாரும் நின்றபடியே பேசுகிறோம். நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன, எது தடுக்கிறது. மேஸ்திரி முத்துவேல் முதலில் சிரித்தார். இன்று அவரே ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"கோடியில தோண்ட முடியாது மேடம். குறுக்க கரண்ட் கேபிள் ஓடுது."

நகர்த்த வேண்டுமென்றால் எங்கள் கம்பெனி மின்துறைக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்கு நேராக முதலாளி நாராயணசாமியின் பெயரை எழுதினேன்.

செப்டம்பர் 25

விண்ணப்பம் இன்னும் போகவில்லை. அட்டவணையில் சிவப்பு அட்டை குத்தினேன். மறுபடி முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

"அது வர்ற வரைக்கும் ஆளுங்கள சும்மா உக்கார வெப்பியா? மேல இருந்து போட்டுக்கினு வா."

"அப்படிப் போட்டா தண்ணி மொத்தமும் கோடிக்கு எறங்கும் சார். அங்க வழி இல்ல."

"மழைக்கு இன்னும் நாள் இருக்கும்மா."

மேலிருந்து போட்டுக்கொண்டு வருகிறோம்.

அக்டோபர் 9

எண்பத்தைந்து சதவீதம் முடிந்தது என்று அறிக்கை. நீளத்தை அளந்தால் சரிதான். ஆனால் ஒரு சொட்டைக்கூட வெளியேற்றாத கால்வாய் எத்தனை சதவீதம்? என்னைக் கேட்டால் பூஜ்யம். கீழே ஒரு வரி சேர்த்தேன் — கோடி இணைப்பைத் திறக்கும்வரை இதில் தண்ணீர் விடக் கூடாது என்று. மதியம் முதலாளியிடமிருந்து திரும்பி வந்த பிரதியில் அந்த வரி இல்லை.

கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டேன்?

அக்டோபர் 13

மேட்டில் தண்ணீர் இறங்கும் வாய்களை மணல் மூட்டை வைத்து அடைத்தோம், முத்துவேலும் நானும். மழை வந்தால் பழையபடி தெருவில் பரவட்டும். ஒரே இடத்தில் போய்ச் சேர வேண்டாம்.

அக்டோபர் 24

தீபாவளி கழித்துத் திறப்பு விழா வைத்தார்கள். ரிப்பன், மாலை, போட்டோ. மூட்டைகள் அசிங்கமாகத் தெரிகின்றன என்று எடுக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. "நாளைக்குத் திருப்பி அடுக்கிடலாம் மேடம்," என்றார் முத்துவேல். மதியமே அவரையும் ஆட்களையும் காலாப்பட்டு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அக்டோபர் 25

மூட்டை அடுக்க ஆள் கேட்டேன். திங்கட்கிழமை பார்க்கலாமாம்.

அக்டோபர் 27

எழுத வரவில்லை.

கண்ணகி அக்கா விடியற்காலையில் பூ எடுக்க மார்க்கெட் போயிட்டாங்க. அப்புறம்தான் மழை பிடிச்சிருக்கு. தெருத் தண்ணி மொத்தமும் எங்க கால்வாயில — வழவழன்னு பூசிக் குடுத்தோமே, எவ்ளோ வேகமா வந்திருக்கும் — கோடியில அடைப்பு. அங்கியே பொங்கி வீட்டுக்குள்ள ஏறிடுச்சு. அந்த மனுஷனால எழுந்திருக்க முடியாது. கூப்பிட்டிருப்பாரா? மழைச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?

அக்கா வந்து கதவத் தள்ளியிருக்காங்க. உள்ள இருந்து தண்ணி திருப்பித் தள்ளியிருக்கு.

கட்டில்லயே போயிட்டாரு.

அக்டோபர் 28

சாவு வீட்டுக்குப் போனேன். அக்கா கத்தவில்லை. என்னை நேராகப் பார்த்து, "தண்ணி போற வழிய மூடி வெச்சிக்கினா கால்வாய் கட்னீங்க?" என்று கேட்டார். தெரிந்துகொள்ளக் கேட்பது போலவே கேட்டார்.



அக்டோபர் 30

கேபிளுக்கான விண்ணப்பம் இன்று போயிற்று. இன்று!

முதலாளி போன் செய்தார். "யாரு கேட்டாலும் மழை அதிகம்னு சொல்லு. அறிக்கையில உன் கையெழுத்துதான் இருக்கு. நெனப்புல வெச்சிக்க."

நவம்பர் 4

போலீஸ் விசாரணைக்குப் போனேன். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். போகாத விண்ணப்பம், எடுத்த வரி, எடுத்த மூட்டைகள்.

"வரிய எடுத்தது தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன்."

எழுதிக்கொண்டார்கள். வழக்கில் முதலாளியின் பெயருக்குக் கீழே என் பெயரும் வரும் என்று வக்கீல் சொல்கிறார். மாலையில் வேலையை விட்டு நிறுத்திய தகவல் வந்தது.

நவம்பர் 13

கேபிளை நகர்த்திவிட்டார்கள். கோடியைத் திறந்தாயிற்று என்று முத்துவேல் போனில் சொன்னார். "ரெண்டே நாள் வேலை மேடம்."

நவம்பர் 19

காலையிலிருந்து நல்ல மழை. குடையை எடுத்துக்கொண்டு சாரம் போனேன். சொல்லிவைத்தது போல முத்துவேலும் வந்து நின்றிருந்தார். தண்ணீர் கால்வாயில் இறங்கி, கோடியைத் தாண்டி, பெரிய வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. தெருவில் எங்கேயும் தேங்கவில்லை.

"நல்லா போவுது மேடம்."

"ம்."

கண்ணகி அக்கா அண்ணன் வீட்டோடு போய்விட்டாராம். கதவில் பூட்டு. வீட்டுச் சொந்தக்காரர் அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வீடு வாடகைக்கு. கீழே, கொட்டை எழுத்தில்: மழைத் தண்ணீர்த் தொல்லை இல்லை.