குண்டன் என்ன சொன்னான்?

பிராங்பேர்ட், கார்த்திகை, ஞாயிறு

மத்தியானம் டிவியில் அப்பாவுக்குப் பிடித்த பழைய கவ்போய்ப் படம் போனது. ஒரு நெட்டையனும் ஒரு குண்டனும் ஊர் ஊராக ஏமாற்றித் திரியும், சிரிக்கவைக்கும் பகிடிப் படம். படம் டொச் மொழியில்; அம்மாவுக்கு அது விளங்காது. அப்பாதான் பக்கத்திலிருந்து தமிழில் சொல்லுவார். அவர் இப்போது உயிரோடு இல்லாததால் இன்று நான் சொன்னேன்.

"அப்பா இப்பிடிச் சொல்லேல்லையே" என்று அம்மா குறுக்கிட்டுக்கொண்டே இருந்தார். பாதிக்கதையை அப்பா தானே கட்டிவிட்டிருக்கிறார்.

கடைசியில் குண்டன் நெட்டையனைப் பாலைவனத்தில் விட்டுவிட்டுக் குதிரையில் போகிறான்.

"என்னவாம்?"

"இனி என்னைத் தேடாதே" என்றுதான் டொச்சில் குண்டன் சொல்கிறான்.

"போயிட்டு வாறனாம்" என்றேன்.

"ஓம்" என்றார் அம்மா. "அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போகேக்கை அப்பிடித்தான் சொன்னவர்."

விளம்பரம் தொடங்கியும் அம்மா எழும்பவில்லை. இதை எழுதும் இந்த நடுராத்திரியிலும் ஹோலில் லைட் எரிகிறது.