ஊமைப் பிரதி

கடலூர்,
14.6.2009

அன்பு மனைவிக்கு,

ஸ்ரீமுஷ்ணத்தில் உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? கடல் சத்தம் கேட்காத உன் அண்ணன் வீட்டில் நீ தூங்குகிறாய் என்பதே எனக்கு நிம்மதி.

நேற்று சிதம்பரம் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தேன். சுனாமி நம் மகளைக் கொண்டுபோவதற்கு ஒரு மாதம் முன்பு, கடற்கரை மண்ணிலிருந்து பிடித்து அவள் உறையவைத்த உருளைப்புழுக்களை, கூடப் படித்த காயத்ரி இப்போது உருக்கி எழுப்பியிருக்கிறாள்.

"பாருங்க சார், நெளியுது!"

நெளிந்தன.

மகள் பாதியில் விட்ட ஆய்வைக் காயத்ரி முடித்துவிட்டாள். உனக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரே சமையல் குறிப்பை இரண்டு நோட்டில் எழுதிவைத்தால், ஒன்றைப் பார்த்துச் சமைக்கலாம். மற்றதில் எதையும் மாற்றிப் பார்க்கலாம். அப்படித்தான் இந்தப் புழுவில் ஒரு மரபணு பல பிரதிகளாகி, ஒரு குடும்பமாகியிருக்கிறது. சில பிரதிகள் புது வேலை கற்றுக்கொண்டன. ஒன்று மட்டும் கெட்டு, ஊமையாகிவிட்டது.

"வேலை செய்யலன்னாலும் சீக்கிரம் போயிடாது சார். தலைமுறை தலைமுறையா சுமந்துகிட்டே இருக்கும்" என்றாள்.

அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நம் மகள் தானாகவே எழுந்து கடற்கரைக்குப் போனாள் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அப்படி இல்லை. நீ கோயிலுக்குப் போனபின் நான்தான் எழுப்பினேன்.

"இன்னிக்கு லீவுப்பா" என்றாள்.

"பௌர்ணமிம்மா. கடல் நல்லா உள்வாங்கும். மண்ணு எடுக்க இதவிட நல்ல நாள் கெடைக்காது" என்றேன்.

உள்வாங்கியது.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன். வர வேண்டாம் என்றால் அதற்குள் எழுதிவிடு.

உன் வீட்டுக்காரன்