தெலமோரா விளக்குக் கோபுரம் பற்றித் தூதன் விடங்கன் திருத்தி எழுதிய ஓலை

இவ்வோலை எழுதப்படும்போது உடனிருந்து கேட்டோர்: கடலை நோக்கிய சாளரத்தை அடுத்த கல்லிருக்கையில், தெலமோரா நகரத்து விளக்குக் காவலர் ஆந்திரோன்; அவருக்கு இடச்செவி கேளாதாகையால் வலப்பக்கம் ஒட்டியவாறு, அயல்நாட்டாருக்கு மொழிபெயர்த்து வழிகாட்டும் துபாசி மெலித்தா அம்மை; வாயிற்படியருகே, கப்பலேறும் அவசரத்தில் உட்கார மறுத்து நின்றபடியே, நம் நாட்டு மீகாமன் சேந்தன்; நடுவே, தூதருக்குரிய விரிப்பை விலக்கிவிட்டு வெறுந்தரையில், தூதன் ஆலம்பூர் விடங்கன். எழுதுவோன் அவன் எதிரில்.

மணற்றுறை நாட்டின் இறைவரும், ஏழு குடாக்களின் காவலரும், புயலிலும் அரசவை கலைக்காத பெருமானுமாகிய செம்பரிதி மன்னர் திருவடிக்கு வணக்கம். அங்குள்ள கலங்கள் யாவும் கரை சேர்க. வலைகள் கனத்து வருக. அரண்மனை அடுப்பும் மீனவர் அடுப்பும் ஒருங்கே எரிக.

தன் பிழையை அறிவிக்கும் தூதன், பிறனொருவன் செய்ததைச் சொல்வதுபோலப் பெயரிட்டே எழுத வேண்டும் என்பது நம் ஓலைமுறை. ஆகவே விடங்கன் செய்தது இது.

நம் துறைமுகப் பாறைகளில் ஆண்டுதோறும் கலங்கள் உடைவதைக் கண்டு மனம் வருந்திய மன்னர், நடுநிலக் கடற்கரையில் அறுநூறு ஆண்டாக அணையாமல் எரியும் தெலமோரா விளக்கைக் கண்டு, அதன் கட்டுமானத்தை எழுதி அனுப்புமாறு விடங்கனை ஏவினார். பிற காட்சிகளைப் பிறகு பார்க்கலாம், முதலில் கோபுரம் ஏறுக என்பது மன்னர் வாக்கு.

அந்நகரத்தில் அயல்நாட்டார் கோபுரம் ஏற வேண்டுமாயின், நகரவையின் வாயிலில் ஒன்பது நாள் தாமே வந்து நிற்க வேண்டும். ஒரு நாள் தவறினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். விடங்கன் முதல்நாள் உச்சிவேளை வரை நின்றான். வெயில் ஏறியது. கோபுரத்துக்குக் கால் முளைக்கவில்லை, எங்கும் ஓடிப்போகாது, வாரும் ஐயா, ஊரைக் காட்டுகிறேன் என்று மெலித்தா அம்மை அழைத்தாள். அவள்மேல் குற்றமில்லை, விருந்தாளியை அழைப்பது அவள் தொழில். போனவன் விடங்கன்.

போனவன் கண்டவை பல. இருபுறமும் பளிங்குத்தூண் நிற்கும் நெடுவீதியில், தேர்ச்சக்கரம் கல்லையே தேய்த்துப் பள்ளமாக்கியிருந்தது. குன்றின் சரிவைக் குடைந்து படிப்படியாய் அமைத்த நாடக அரங்கில், நடிப்போருக்குப் பின்னே திரையில்லை, நீலக்கடலே இருந்தது. கீழே போட்ட கூழாங்கல்லின் ஓசை மேற்படியில் இருந்தவன் காதில் விழுந்தது. மீன்சந்தையில் எண்கால் கணவாய்களைத் துவைத்த துணிபோலக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள். செக்கிலிருந்து வழியும் ஒலிவ எண்ணெயில் சுடச்சுட அப்பத்தைத் தோய்த்துக் கொடுத்தார்கள். முதல் வாயில் கசந்தது, மூன்றாம் வாயில் விடமுடியவில்லை. மாலையானால் ஊரே அலைக்கரைச் சுவரோரம் உலாவ வந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்கு வாயிலில் நிற்போம் என்று சொல்லிக்கொண்டே ஒரு திங்கள் கழிந்தது.

அப்போது நம் நாட்டுக் கப்பல் ஒன்று புறப்படுவதாகச் செய்தி வந்தது. விடங்கன் அவ்வேளை வெந்நீர் மண்டபத்தில் இருந்தான். அதன் தரையில் நிறக்கற்களைப் பதித்து விளக்குக் கோபுரத்தை வரைந்திருந்தார்கள்: மூன்று நிலை, உச்சியில் வானம் பார்த்த மேடை, மேடைமேல் கொழுந்துவிடும் நெருப்பு. இடுப்பில் ஈரத்துணியோடு நின்று, கால்விரலால் நிலைகளை எண்ணினான். எண்ணியதை வந்து எழுதச்சொன்னான். எழுத்தாணியை நிறுத்தி, கண்டோம் என்று எழுதவா, கேட்டோம் என்று எழுதவா என எழுதுவோனால் கேட்கப்பட்டது. கேட்டோம் என்றால் இதற்காகவா கடல் கடந்தாய் என்பார்கள், கண்டோம் என்றே எழுது என்றான். அவ்வாறே எழுதப்பட்டது.

இவ்வாண்டு ஆவணியில் மன்னரின் மறுமொழி வந்தது. அதை விடங்கன் நின்றுகொண்டு படிக்கத் தொடங்கி, உட்கார்ந்து முடித்தான். பெருந்தச்சர் சாத்தங்கொற்றனார் அவையில் எழுந்து, நம் ஐப்பசி மழையில் அந்த நெருப்புக்கு யார் குடை பிடிப்பது என்று கேட்டதாகவும், அவை சிரித்ததாகவும், தூதர் கண்ணால் கண்டிருக்கிறார், நீர் கண்டீரோ என்று அமைச்சர் ஓலையை உயர்த்திக் காட்டியதாகவும், இல்லை என்று சொல்லித் தச்சர் அமர்ந்ததாகவும் அதில் இருந்தது. தூதர் வாக்கை ஐயுற்றமைக்காக அவருடைய அளவுகோல் பறிக்கப்பட்டது. அவர் இப்போது கல்லுடைக்கும் குன்றில் இருக்கிறார். அடுத்த ஆண்டு ஐப்பசியில் புதிய கோபுரத்தில் விளக்கேறும், அதை நம்பிக் கலங்கள் மழைக்காலத்திலும் கடலோடும் என்றும் எழுதியிருந்தது. கடைசி வரியில், உம் கண்கள் நம் கண்களே என்று மன்னர் தம் கைப்பட எழுதியிருந்தார்.

அந்த வரியை விடங்கனால் இரண்டாம் முறை படிக்க இயலவில்லை.

மறுநாள் விடியலில் நகரவை வாயிலுக்குப் போனான். ஒன்பது நாளும் நின்றான். மெலித்தா அம்மை அப்பம் கொண்டுவந்து, உட்கார்ந்தாவது தின்னும், நின்றால் நாள் குறையாது என்றாள். அவன் உட்காரவில்லை. பத்தாம் நாள் முந்நூற்றுப் பன்னிரண்டு படி ஏறினான்.

உச்சியில் நெருப்பு இல்லை. அங்கே வெண்கலச் சிலை ஒன்றே நிற்கிறது. நெருப்பு எரிவது அதற்கு அடுத்த கீழ்நிலையில், கல்லால் கூரையிட்ட அறைக்குள். கடற்பக்கம் மட்டும் ஐந்து திறப்பு, கரைப்பக்கம் முழுச்சுவர், புகை போகத் தனி வழி. குளியல் மண்டபத்துத் தரையில் வேறுவிதமாய் இருக்கிறதே என்று விடங்கன் கேட்டதற்கு, காவலர் ஆந்திரோன் இருமல் வரும்வரை சிரித்தார். நெருப்பை அறைக்குள் வரைந்தால் குளிக்க வருகிறவனுக்குத் தெரியாதே, அதனால் ஓவியன் கூரையைக் கழற்றிவிட்டான் என்றார். பிறகு, உங்கள் ஊரில் மழையே பெய்யாதோ என்று கேட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

ஆகையால் மன்னர் திருமுன் விண்ணப்பம். மூன்றாம் நிலைக்குமேல் ஒரு கல்லும் ஏற்றவேண்டாம். கூரையில்லாத விளக்கை நம்பி ஒரு கலமும் மழைக்கடலில் இறங்கவேண்டாம். சாத்தங்கொற்றனாரின் அளவுகோலை, அதைப் பறித்த அவையிலேயே திரும்பக் கொடுத்தருள்க. கண்டோம் என்ற சொல் பொய். அவர் காணாமலே உண்மையைச் சொன்னார். விடங்கன் கண்டதாகப் பொய்யைச் சொன்னான். வெந்நீர் மண்டபத்தைப் பற்றிய பகுதியை நீக்கிவிடலாமே, மானம் போகுமே என்று மெலித்தா அம்மை இப்போதும் சொல்கிறாள். நீக்கப்படவில்லை. தூதனுக்குரிய தண்டனை மன்னர் விருப்பம். அதுவரை அவன் இங்கேயே இருந்து, அறையின் அளவுகளைத் தன் கையால் எடுத்து, வசந்தக் கப்பலில் அனுப்புவான்.

மீகாமனுக்குக் கட்டளை: குளிர்காலப் புயலுக்கு அஞ்சி இந்நகரத்தார் கப்பலோட்டத்தை நிறுத்தி, வசந்தம் வரை கடலை மூடும் நாள் நாளை. இதுவே கடைசிக் கப்பல். வழியில் தங்கினால் ஓலை, விளக்கேறும் அடுத்த ஆண்டு ஐப்பசிக்கும் பிந்திவிடும். வழித்துறைகளில் நீர் ஏற்றுவதற்கன்றி நிற்கலாகாது. ஓலை இரண்டு படிகளாக எழுதப்பட்டுள்ளது. ஒன்று மன்னர் அவையில் உரக்கப் படிக்கப்படுக. மற்றொன்றை நீயே கற்குன்றுக்குப் போய், பெருந்தச்சர் கையில் கொடுக்க.

இதைக் கேட்ட சேந்தன், பெரியவர் கோபக்காரர், முகத்தில் வீசியெறிந்தால் என்ன செய்வது ஐயா என்றான். எடுத்து மறுபடியும் கொடு என்றான் விடங்கன். மறுபடியும் எறிந்தால் என்று அவன் கேட்டான். மறுபடியும் எடு என்றான் விடங்கன்.

புரட்டாசித் திங்கள், தேய்பிறை ஐந்தாம் நாள், முற்பகல். கேட்டோர் மூவரும் குறியிட்டனர். இரண்டு படிகளிலும் அரக்கு வைத்துத் தூதன் முத்திரை இடப்பட்டது. ஓலை கப்பலேறுகிறது.